'நாளைக்குப் பார்த்துக்கலாம்' - தாயையும் சேயையும் பறிக்கும் ஒரு சொல்

(ஈப்போவில் தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சிக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைப்பேறு என்பது பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. அவர்கள் கண்ணால் பார்த்த கணக்கு. மலாயா சுதந்திரம் அடைந்த 1957-ஆம் ஆண்டில் 1,000 குழந்தைகள் உயிருடன் பிறந்தால், ஏறக்குறைய 3 தாய்மார்கள் உயிரிழந்தார்கள். இன்று சாதாரண ஆண்டுகளில் 1 லட்சம் பிறப்புக்கு 20 முதல் 30 தாய்மார்கள் என்ற அளவுக்கு அது இறங்கியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு! உலக வங்கி 2003-இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டது. தாய்மார்களின் உயிரைக் காப்பதில் மற்ற நாடுகள் மலேசியாவிடமும் இலங்கையிடமும் பாடம் கற்றுக்கொள்ளலாம் என்பதே அந்த நூலின் சாரம். அதன் முதன்மை ஆசிரியர் நம் நாட்டைச் சேர்ந்த டாக்டர் இந்திரா பத்மநாதன் என்பது பெருமைக்குரிய செய்தி.

இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு, இதைப் பற்றி இன்னும் என்ன பேச வேண்டியிருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அந்த 20, 30 பேரில் பலர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள். மருந்தும் மருத்துவரும் மருத்துவமனையும் இருந்தும், நேரத்துக்கு அவற்றிடம் போய்ச் சேராததால் போன உயிர்கள் அவற்றில் உண்டு. "தலைவலிதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்." "காய்ச்சல்தானே, கசாயம் குடி." இந்தச் சொற்களை வீட்டில் யார் சொன்னாலும், அதற்கு விலை கொடுப்பவர் அந்தப் பெண்தான். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

தோட்டத்தில் பிள்ளை பெற்ற காலம்

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளின் நினைவாக ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம் சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர், சுங்கை, தெலுக் இந்தான், பாகான் செராய் என்று பரவியபோது, அதன் பின்னாலேயே தமிழ்த் தொழிலாளர்களும் பரவினார்கள். இன்று ஈப்போ புந்தோங்கிலும் சுற்றுவட்டார தாமான்களிலும் வாழும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயர் பூர்வீகமாக இருக்கும்.

அந்தத் தோட்டங்களில் கர்ப்பிணியின் நிலை எப்படி இருந்தது? விடியும் முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நிறை வயிற்றோடு பால் வெட்ட வேண்டும். வாளி நிறையப் பாலைச் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடியும் அதே மரம், அதே வாளி.

இது உழைப்பின் சுமை மட்டும். இதற்கு மேல் இரண்டு நோய்கள் அந்தப் பெண்களின் இரத்தத்தைக் குடித்தன. ஒன்று மலேரியா. மலைச்சாரலில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது, வெயில் படும் தெளிந்த நீரோடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், தோட்டங்களில் வடிகால் வெட்டியும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் அதை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். மலேரியாக் கிருமி கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் போய்த் தங்கும். முதல் கர்ப்பத்தில் அது இன்னும் மோசம். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று அதன் விளைவுகள் வரும்.

மற்றொன்று கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர் உடலில் பாதத்தின் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. 1915 முதல் 1917 வரை ராக்கபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டாக்டர் சாமுவேல் டார்லிங் குழு மலாயாவுக்கும் வந்து இதை ஆராய்ந்தது. ஏற்கனவே சோகை பிடித்த பெண், பிரசவத்தில் இன்னும் கொஞ்சம் இரத்தத்தை இழந்தால் தாங்குமா? ஆரோக்கியமான பெண் தாங்கும் இரத்தப்போக்கு, சோகை உள்ளவளைக் கொன்றுவிடும்.

மருத்துவ உதவி என்று பார்த்தால் தோட்டத்து டிஸ்பென்சரியும் டிரஸரும்தான். சிக்கலான பிரசவம் என்றால் லாரியில் ஏற்றி, செம்மண் சாலையில் பட்டணத்துக்குக் கொண்டு போக வேண்டும். தோட்டம் தனியார் நிலம், தொழிலாளியின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்பதே நெடுங்கால ஏற்பாடு. இதனால் 1950-களில் தொடங்கி அரசாங்கம் கிராமப்புறங்களில் தாய் சேய் நிலையங்களைக் கட்டி, தாதிகளை வீடு வீடாக அனுப்பியபோது, அந்தச் சேவை தோட்டத்து வாசலோடு நின்றுவிட்ட இடங்கள் பல. பக்கத்துக் கம்பத்துப் பெண்ணுக்குக் கிடைத்த தாதி, லயத்தில் இருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு தோட்டங்களே மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. கிளினிக் இப்போது பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால், "ஏண்டியம்மா, உன் கால் இப்படி வீங்கியிருக்கே" என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பாட்டி இல்லை. டிஸ்பென்சரி போன இடத்தில் கிளினிக் வந்துவிட்டது. பாட்டியின் கண் இருந்த இடம் பல வீடுகளில் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு எமன்கள்

பழைய ஆட்கள் பிரசவத்தில் போன பெண்ணைப் பற்றிப் பேசும்போது "ஜன்னி கண்டு போயிட்டா" என்பார்கள். இந்த ஜன்னி என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பிரசவத்துக்குப் பிறகு கடுங்காய்ச்சல் வந்து பிதற்றி இறப்பது. இது கிருமித்தொற்று. 1847-இல் வியன்னா நகர மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதன் மூலத்தைக் கண்டுபிடித்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவருடைய பிரிவில் பிரசவித்த 100 பெண்களில் 18 பேர் இறந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று கட்டளை போட்டார். சில வாரங்களில் அது 100-க்கு 2 என்று இறங்கியது. புதிய மருந்து எதுவும் இல்லை. கை கழுவியதுதான்!

அதே அழுக்கு குழந்தையையும் கொன்றது. துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலையோ வேறெதையோ அதில் அப்பினால், இரணஜன்னிக் கிருமி உள்ளே போகும். நன்றாகப் பிறந்த குழந்தை ஒரு வாரத்துக்குள் பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, உடம்பு வில்லாக வளைந்து இறந்துபோகும். கர்ப்பிணிக்குப் போடும் ஓர் ஊசியும் சுத்தமான கத்தியும் இந்த நோயை நம் நாட்டில் ஏறக்குறைய மறக்கடித்துவிட்டன. இந்தியா இதை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது 2015-இல்தான்.

இரண்டாவது ஜன்னி வேறு வகை. கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, நினைவு தப்புவது. இதற்குக் கிருமி காரணம் அல்ல. நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காததில் தொடங்கும் கோளாறு இது. பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகு வரும். இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போகும். சிறுநீரில் புரதம் இறங்கும். பெண்ணுக்கு வலியே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கிறார்கள், சிறுநீர் கேட்கிறார்கள். "சும்மா போனோம், அழுத்தம் பார்த்தாங்க, அனுப்பிட்டாங்க" என்று சலித்துக்கொள்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணில் பொறி பறப்பது, நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கிளம்ப வேண்டும். நடு இரவாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற விலை குறைந்த மருந்து இருக்கிறது. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு, அந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. பெண் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தால் அது எப்படி அவளிடம் வரும்?

நிறம் பேசும் புத்தகம்

கிளினிக்கில் பதிந்துகொண்ட ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு பதிவுப் புத்தகம் கொடுக்கிறார்கள். பிங்க் புத்தகம் என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு நிற அடையாளம் இருக்கும். வெள்ளை என்றால் ஆபத்துக் குறைவு. பச்சை என்றால் கிளினிக்கில் கவனித்துவர வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. சிவப்புக்கு நாளை கிடையாது.

படித்த மருத்துவருக்கும் புரியும், எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் புரியும் என்பதே இந்த நிற முறையின் சிறப்பு. 1980-களின் கடைசியில் தொடங்கிய இந்த எளிய ஏற்பாடு, மலேசியாவின் வெற்றிக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. நிறம் மாறலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சென்ற மாதம் வெள்ளையாக இருந்தவர் இந்த மாதம் மஞ்சள் ஆகலாம். முதல் பிள்ளை சுகப்பிரசவம் என்பதால் மூன்றாவது பிள்ளையும் அப்படியே என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

1991 முதல் இன்னொரு ஏற்பாடும் நடைமுறையில் இருக்கிறது. நாட்டில் எந்தத் தாய் பிரசவம் தொடர்பாக இறந்தாலும், ஒரு குழு அந்த மரணத்தை இரகசியமாக விசாரிக்கிறது. பெயர் வெளியே வராது. யாரையும் தண்டிப்பது அதன் நோக்கம் அல்ல. எங்கே தவறியது, அடுத்த பெண்ணுக்கு அது நடக்காமல் எப்படித் தடுப்பது என்பதே கேள்வி. பிரசவ இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம், நுரையீரலில் அடைக்கும் இரத்தக்கட்டி, தாய்க்கு ஏற்கனவே இருந்த இருதய நோய் போன்றவை, இந்த விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வரும் காரணங்கள்.

மூன்று தாமதங்கள்

1994-இல் செரீன் தாடியஸ், டெபரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று எழுதினார்கள். மூன்று தாமதங்கள் என்றார்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேருவதில் ஒரு தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம்.

தோட்டக் காலத்தில் இரண்டாவது தாமதம்தான் பெரிய எமன். லாரி இல்லை, பாலம் இல்லை, மழையில் சாலை இல்லை. இன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இருக்கிறது. 999 எண் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் தாப்பாவிலும் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. சிக்கலானவர்களை அனுப்ப ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. மூன்றாவது தாமதம் மருத்துவமனைகள் திருத்திக்கொள்ள வேண்டியது. அதைத்தான் அந்த இரகசிய விசாரணை தோண்டுகிறது.

மிச்சம் இருப்பது முதல் தாமதம். அது நடக்கும் இடம் வீடு. முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதே பல வீடுகளில் தெரியவில்லை. மருமகளுக்குத் தலைவலி. மாமியார், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்கிறார். கணவர் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர் லாரி ஓட்டிக்கொண்டு ஜோகூர் போயிருக்கிறார். கையில் பணம் இல்லை. காடியைத் தம்பி எடுத்துப் போய்விட்டார். இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஆறு மணி நேரம் போய்விட்டது. பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு வந்த பெண்ணுக்கு ஆறு மணி நேரம் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம்.

முதல் தாமதத்துக்கு வெட்கமும் பயமும் கூடக் காரணம். திருமணம் ஆகாத பெண், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஏழாம் மாதம் வரை மறைக்கிறாள். அடையாள அட்டைச் சிக்கல் உள்ள பெண், கிளினிக்கில் கேள்வி கேட்பார்களே என்று ஒதுங்குகிறாள். பத்திரம் இல்லாதது பெரிய பிரச்சினைதான். அதைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். உயிர் போனால் எந்த அலுவலகத்தில் மனுப் போடுவது? இப்படிப்பட்ட பெண்ணைக் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறவர் பெரிய புண்ணியம் செய்கிறார்.

சத்தமில்லாத கிருமிகள்

பன்னிரண்டு வாரம் முடியும் முன் கிளினிக்கில் பதிய வேண்டும் என்று தாதிகள் வற்புறுத்துகிறார்கள். ஏன் இந்த அவசரம்? அழுத்த நோய் வரக்கூடிய பெண் என்று தெரிந்தால், 16 வாரத்துக்குள் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தொடங்கலாம். ஆறாம் மாதம் வந்து நின்றால் அந்த வாய்ப்புப் போய்விட்டது. நீரிழிவும் அப்படியே. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 100-க்கு 31 பேர்! தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் கர்ப்பம் தரிக்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

அடுத்து, கிருமிகள். தாயிடம் எந்த அடையாளமும் காட்டாமல் குழந்தையைத் தாக்கும் கிருமிகள் பல. 1941-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், ஒரே நேரத்தில் பல குழந்தைகள் கண்புரையோடு வருவதைப் பார்த்தார். தாய்மார்களிடம் பேசினார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அவர்களுக்கு ரூபெல்லா என்ற சாதாரண அம்மைக் காய்ச்சல் வந்திருந்தது தெரியவந்தது. தாய்க்கு மூன்று நாள் தடிப்பு. குழந்தைக்கு ஆயுள் முழுவதும் இருட்டு, செவிடு, இருதயக் கோளாறு. நம் நாட்டில் 2002 முதல் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பூசியில் ரூபெல்லாவுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோர், நாளைய கர்ப்பிணி ஒருத்தியையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

கிரந்தி நோய் என்று பழையவர்கள் சொன்ன சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி ஆகிய மூன்றும் தாயிடமிருந்து சேய்க்குப் போகக்கூடியவை. 1989 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. 1998-இல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை தொடங்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நம் நாடுதான்.

சான்று கிடைத்துவிட்டது என்பதற்காகக் கிருமி ஓய்வெடுக்கப் போவதில்லை. "என்னைப் பார்த்தா அப்படிப்பட்ட பெண் மாதிரி தெரியுதா?" என்று இரத்தப் பரிசோதனைக்குக் கோபித்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. பரிசோதனை எல்லோருக்கும் செய்யப்படுவது. அது நடத்தைச் சான்றிதழ் அல்ல. சிபிலிஸ் இருப்பது தெரிந்தால் பெனிசிலின் ஊசி குழந்தையைக் காப்பாற்றும். கணவரும் சிகிச்சை எடுக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அதே கிருமி மனைவிக்குத் திரும்பி வரும்.

பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் இரண்டு விஷயங்களையும் இங்கே வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் அது சூடு என்று இளநீரோடு விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிக் குறைப்பிரசவத்தில் முடியலாம். அடுத்தது, வலி இல்லாமல் தண்ணீர் கசிவது. பனிக்குடம் உடைந்து சொட்டுச் சொட்டாக வருவதைச் சிறுநீர் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தால், அந்த வழியாகக் கிருமி கருப்பைக்குள் ஏறும். தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. நிறம் எதுவாக இருந்தாலும், நீர் கசிந்தால் மருத்துவமனைதான்.

கர்ப்பிணிக்கு வரும் காய்ச்சலில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. டெங்கியாக இருக்கலாம். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் காய்ச்சலாக இருக்கலாம். 2021-இல் கோவிட் பரவியபோது என்ன நடந்தது? மலேசியாவில் தாய் மரண விகிதம் 1 லட்சத்துக்கு 68 என்று எகிறியது. முந்திய ஆண்டு அது 25 அளவில்தான் இருந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய கோட்டையை ஒரு கிருமி ஒரே ஆண்டில் உடைத்துக் காட்டியது.

பிள்ளை பிறந்தாயிற்று, ஆபத்து போயிற்றா?

குழந்தை பிறந்து, ஜாங்கிரி கொடுத்து, எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில்தான் பல மரணங்கள் நடக்கின்றன. பிரசவத்துக்குப் பின் 42 நாட்களும் தாய் ஆபத்து எல்லைக்குள்தான் இருக்கிறார். துணி மாற்ற மாற்ற நனையும் இரத்தப்போக்கு, குளிரோடு கூடிய காய்ச்சல், துர்நாற்றத்தோடு கழிவு, தையல் போட்ட இடத்தில் சீழ், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது: இவை எல்லாமே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். வலிப்பு ஜன்னி பிரசவத்துக்குப் பிறகும் வரலாம்.

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. ஓய்வு, சூடான உணவு, தாயைக் கவனிக்க ஒருவர் கூடவே இருப்பது எல்லாம் நம் முன்னோர்களின் அறிவு. பூண்டுக் குழம்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால், வயிறு ஊதும் என்று தண்ணீர் கொடுக்காமல் காய வைப்பதும், எழுந்து நடக்கக் கூடாது என்று நாள் முழுவதும் படுக்க வைப்பதும் ஆபத்து. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண் சில நிமிடங்களில் சாய்ந்துவிடுவார்.

குழந்தை விஷயத்திலும் சில பழக்கங்களை விட வேண்டும். நாக்கில் தேன் தொட்டு வைப்பது வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக்குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். தொப்புளில் எண்ணெயோ மஞ்சளோ சாம்பலோ வேண்டாம். பழைய துணிகளோடு வைத்திருக்கும் அந்துருண்டையைக் குழந்தையின் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ஜி6பிடி என்ற குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசனையே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும். இந்தக் குறைபாட்டைப் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் பரிசோதிக்கிறார்கள். முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை.

காமாலைக்குக் காலை வெயில் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கிவிட்டால் அது மூளையைத் தாக்கும் அளவுக்குப் போகலாம். மருத்துவமனையின் நீல விளக்குச் சிகிச்சையை நம் முற்றத்து வெயில் செய்யாது.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் சோர்ந்தே கிடந்தால், உடம்பு சுட்டால் அல்லது சில்லிட்டால், வேகமாக மூச்சு வாங்கினால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். பச்சைக்குழந்தைக்குக் காய்ச்சல் வராமலேயே தொற்று முற்றிவிடும். உறுத்து மந்திரித்துப் பார்ப்பவர்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்து மந்திரிக்கட்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இந்த உரையைக் கேட்பவர்களில் பாதிப்பேர் ஆண்கள். இது பெண்கள் விவகாரம் என்று எழுந்து போக வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் மாறியிருக்கிறது. பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த, திருமணமான ஆணுக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த 7 நாள் நண்பர்களுக்கு விருந்து வைப்பதற்காகக் கொடுத்தது அல்ல. ஆபத்து அதிகமாக இருக்கும் முதல் வாரத்தில் மனைவியின் பக்கத்தில் இருப்பதற்காகக் கொடுத்தது.

ஒவ்வொரு கர்ப்பிணி இருக்கும் வீட்டிலும் நான்கு விஷயங்கள் இன்றைக்கே முடிவாக வேண்டும். பிங்க் புத்தகத்தில் இப்போது என்ன நிறம்? இரவில் ஏதாவது என்றால் எந்தக் காடி, யார் ஓட்டுவது? கணவர் வெளியூரில் இருந்தால் யார் முடிவெடுப்பது? மற்ற பிள்ளைகளை யாரிடம் விடுவது? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த வீட்டில் முதல் தாமதத்துக்கு இடம் இல்லை.

கர்ப்பிணிக்கும் ஓர் உரிமை வேண்டும். "எனக்கு ஏதோ சரியில்லை" என்று அவள் சொன்னால், அதற்கு மேல் சாட்சி கேட்கக் கூடாது. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால் நஷ்டம் என்ன? பெட்ரோல் செலவும் ஓர் இரவுத் தூக்கமும்தான். போகாமல் இருந்து நஷ்டமானால் அதை எந்த வீடும் ஈடு செய்ததில்லை.

நம் பாட்டிமார்கள் லயத்து அறையில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற பிள்ளைகளின் வம்சம்தான் இன்று இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குப் போக இடம் இல்லை, அதனால் பொறுத்துக்கொண்டார்கள். இன்று இடம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் யாராவது 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்றால், "இல்லை, இப்பவே போகலாம்" என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.